ரெப்போ வட்டியும் இலை விலையும்: பணக் கொள்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு இங்கே ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். நான் கோவையில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். சனி, ஞாயிறு மலையேறி வந்துவிடுவேன். தம்பி டாக்ஸி ஓட்டுகிறான். சீசனில் ஊட்டி, குன்னூர், தொட்டபெட்டா என்று சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு அலைவான். இவ்வளவு குடும்பக் கதை எதற்கு என்று தோன்றும். இலை விலை விழும் மாதங்களில் பயிர்க்கடன் கெடு தானாகத் தள்ளிப் போக ஒரு விதி கேட்கத்தான் எழுதுகிறேன். அதற்கான காரணம் இந்த மூன்று பேருக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் ஆறு பேரும் மும்பையில் மூன்று நாள் கூடி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கொடுக்கும் குறுகியகாலக் கடனின் வட்டியை, முடிவு செய்கிறீர்கள். மாதத்துக்கு ஒருமுறை எங்கள் மாவட்டத்தில் பச்சைத் தேயிலையின் சராசரி விலையை அறிவிக்கிறார்கள். இங்கே எல்லோரும் காத்திருப்பது இந்த இரண்டாவது அறிவிப்புக்குத்தான். ரெப்போ என்றால் என்னவென்றே அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் இந்த இரண்டு எண்களும் எதிரெதிர்ப் பக்கம் போகும் வருஷங்களில் அடி விழுவது அம்மாவின் வளையல் மேல்தான்.

2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் நாடே முடங்கியது. அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் ஏறக்குறைய 24 விழுக்காடு சுருங்கியதாக முதல் மதிப்பீடு வந்தது. நீங்கள் மார்ச்சில் ஒருமுறை, மே மாதம் இன்னொருமுறை வட்டியைக் குறைத்து ரெப்போவை 4 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். ஆகஸ்ட் வரை கடன் தவணைகளை ஒத்திவைக்கவும் வழி செய்தீர்கள். நாட்டுக்கு அதுதான் சரியான மருந்து.

எங்கள் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அஸ்ஸாமில் ஊரடங்கும் மழை வெள்ளமும் சேர்ந்து பறிப்பைக் கெடுத்தன. அந்த வருஷம் நாட்டின் தேயிலை உற்பத்தி 10 கோடி கிலோவுக்கு மேல் குறைந்தது. குன்னூர் ஏலத்தில் விலை ஏறியது. பல வருஷமாகத் தரையில் கிடந்த எங்கள் இலை விலை கிலோவுக்கு 20 ரூபாயைத் தாண்டியது. அம்மா அடகில் இருந்த வளையலை மீட்டார். வங்கியிலிருந்து போன் செய்து, "தவணையைத் தள்ளி வைக்கணுமாம்மா?" என்று கேட்டார்கள். "இப்பத்தான் கையில காசு இருக்கு, இப்பவே வாங்கிக்குங்க" என்றார் அம்மா. அதே நேரத்தில் தம்பியின் வண்டி வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அவனுக்கு அந்த ஒத்திவைப்பு உயிர் கொடுத்தது.

இரண்டு வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 2022-இல் பணவீக்கம் உங்கள் 6 விழுக்காட்டு எல்லையைத் தாண்டி மூன்று காலாண்டுகள் அங்கேயே நின்றது. மே மாதம், அட்டவணையில் இல்லாத ஒரு கூட்டத்தில் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் ரெப்போவை 6.5-க்கு ஏற்றினீர்கள். நாடு நன்றாகவே வளர்ந்துகொண்டிருந்தது, தாங்கியது. ஊட்டியில் அறை கிடைக்கவில்லை, தம்பி தூங்க நேரமில்லாமல் ஓடினான். இலை விலை மட்டும் இறங்கிவிட்டது. அம்மா பறிகூலி, உரம் எல்லாம் கழித்துப் பார்த்து, இரண்டு சுற்றுப் பறிக்காமலே விட்டார். 2023-இல் குறைந்தபட்ச விலை கேட்டு இந்த மலையில் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வளையல் திரும்ப அடகுக்குப் போனது. மேல்மாடி கட்ட நான் வாங்கிய வீட்டுக் கடன் ரெப்போவோடு கட்டப்பட்ட கடன். வட்டி ஏறியதும் வங்கி எங்களைக் கேட்காமலே தவணை மாதங்களை நீட்டிவிட்டது. (கடன் வாங்கியவரைக் கேட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் நீங்களே சுற்றறிக்கை விட்டீர்கள். அதற்கு நன்றி. மனம் வைத்தால் உங்களால் முடியும் என்பதற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொள்கிறேன்.)

ஆக, நாடு குளிரில் நடுங்கியபோது அம்மாவுக்கு வெயில். நாட்டுக்கு வெயில் என்றபோது அம்மாவுக்கு உறைபனி. மருந்து மட்டும் எல்லோருக்கும் ஒன்று.

இதைப் பாடப் புத்தகம் வணிகச் சுழற்சிகளின் ஒத்தியக்கம் என்கிறது. ஒரே நாணயத்தைப் பயன்படுத்தும் பகுதிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றனவா என்ற கேள்வி. இரண்டு பகுதிகளின் வருமானத்தை எடுத்து, நீண்டகாலப் போக்கை நீக்கிவிட்டு, மிச்சமுள்ள ஏற்ற இறக்கங்களுக்கு ஒட்டுறவுக் கெழு போட்டுப் பார்ப்பார்கள். ஒன்றை நெருங்கினால் ஒரே தாளம், பூஜ்யம் என்றால் சம்பந்தமில்லை, அதற்குக் கீழே போனால் எதிர்த்தாளம். 1961-இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் மண்டெல் எழுதிய கட்டுரையில் ஒரு பகுதி கார் செய்யும், இன்னொரு பகுதி மரம் வெட்டும். மக்களின் விருப்பம் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறினால் ஒரு பக்கம் வேலையின்மை, மறுபக்கம் விலைவாசி. ஒரே மத்திய வங்கியால் இரண்டையும் ஒருசேரக் குணப்படுத்த முடியாது என்பது அவருடைய வாதம். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் எனக்கு எங்கள் வாசல்தான் ஞாபகத்துக்கு வரும். அவருக்குக் காரும் மரமும், எங்களுக்குக் காரும் இலையும்.

ஐரோப்பா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2003 ஜூனிலிருந்து 2005 டிசம்பர் வரை ஐரோப்பிய மத்திய வங்கியின் வட்டி 2 விழுக்காட்டிலேயே நின்றது. சோர்ந்து கிடந்த ஜெர்மனிக்கு அது பொருந்தியது. ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் அதே வட்டியில் வீடு கட்டித் தள்ளினார்கள். 2008-க்குப் பிறகு அந்த வீட்டுச் சந்தை விழுந்த வீழ்ச்சியில், 2013-இல் ஸ்பெயினில் வேலை தேடியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள். யூரோவைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் இதோடு விடுகிறேன்.

எங்கள் மலை ஏன் இப்படித் தனித்தாளம் போடுகிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கதை. இங்கே எப்போதும் தேயிலை மட்டுமே இருக்கவில்லை. ராகி, சாமை, அப்புறம் உருளைக்கிழங்கு என்று கலந்து விளைந்த நிலம். 1961-இல் ஊட்டிப் பக்கம் உருளையின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. உருளை நம்பிக்கை போகப் போக, சிறு விவசாயிகள் தேயிலைக்கு மாறினார்கள். அரசும் ஊக்கம் கொடுத்தது. சாலை வசதியும் சந்தையும் வந்தால் எல்லா ஊரும் ஒன்றுபோல் ஆகிவிடும் என்று நினைப்போம். பொருளாதார அறிஞர்கள் ஜெஃப்ரி ஃபிராங்கெலும் ஆண்ட்ரூ ரோஸும் 1998-இல் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்கள்: வணிகம் பெருகினால் சுழற்சிகள் நெருங்கும் என்று. இன்னொரு பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் அதற்கு முன்பே எதிர்ப்பக்கம் பேசியிருந்தார்: வணிகம் பெருகினால் ஒவ்வொரு பகுதியும் தனக்கு வருவதை மட்டுமே செய்யும், அதனால் இன்னும் விலகிப் போகும். எந்த நாட்டுக்கு எது பொருந்தும் என்று பண்டிதர்கள் சண்டை போடட்டும். நீலகிரியைப் பொறுத்தவரை நான் க்ருக்மன் கட்சி. அரிசி சமவெளியிலிருந்து ஏறி வர, நாங்கள் கண்ணுக்கெட்டும் தூரம் தேயிலை நட்டோம்.

நட்டதை யாருக்கு விற்றோம் என்பது இன்னொரு கதை. சோவியத் யூனியனோடு இந்தியாவுக்கு ரூபாயிலேயே வணிகம் நடந்தது. எங்கள் தேயிலையில் பெரும்பங்கு அங்கே போனது. அதாவது, ஏட்டில் நாங்கள் ரூபாய் மண்டலம். விலை ஏறுவதும் இறங்குவதும் மாஸ்கோவைப் பார்த்து. 1991-இல் அந்த நாடே இல்லாமல் போனது. 1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் இலை விலை சரிந்த சரிவில் மலை முழுக்கப் போராட்டம் வெடித்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஃபீஸ் கட்ட முடியாமல் வகுப்பிலிருந்து நின்றவர்கள் யார் யார் என்று இன்றும் பெயர் சொல்ல முடியும். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் மென்பொருள் கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை.

இதைப் படிக்கிற உறுப்பினர் யாராவது, "அப்படியானால் மலைக்குத் தனி நாணயம் கேட்கிறாயா?" என்று சிரிக்கலாம். இல்லவே இல்லை. அந்தப் பரிசோதனையின் முடிவு எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது.

என் தாத்தா 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து இங்கே வந்தவர். அவருடைய தங்கை குடும்பம் ஹட்டன் பக்கமே தங்கிவிட்டது. ஒரே ரத்தம், ஒரே தொழில், இரண்டு ரூபாய். இலங்கைக்குத் தன் நாணயம், தன் மத்திய வங்கி, தன் வட்டி எல்லாம் உண்டு. தேயிலை ஏற்றுமதியை நம்பிய நாடு, தேவைப்படும்போது நாணயத்தின் மதிப்பை இறக்கி ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தலாம் என்பது ஏட்டுக் கணக்கு. 2021 மார்ச்சில் அங்கே தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. பல வருஷப் போராட்டத்தில் வாங்கியது. அன்றைக்கு ஒரு டாலருக்கு ஏறக்குறைய 200 இலங்கை ரூபாய், ஆக 5 டாலர் கூலி. அந்த வருஷமே ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டு விளைச்சலையும் கெடுத்தார்கள். 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டார்கள். இரண்டே மாதத்தில் டாலர் 360-ஐ ஒட்டிப் போனது. 1,000 ரூபாய் 3 டாலர்கூட இல்லை. கோதுமை மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றதை அங்கிருக்கும் அத்தை போனில் சொல்லும்போது அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தேயிலைக்கு டாலர் வாங்கிய கம்பெனிகளுக்கு அந்தச் சரிவில் ஆதாயம் இருந்திருக்கலாம். கொழுந்து பறித்த கைக்கு எதுவும் வரவில்லை.

அதனால் எங்களுக்கு இந்திய ரூபாயே போதும். இவ்வளவு பெரிய குடையின் கீழ் இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்றும் தெரிகிறது. பொருளாதார அறிஞர் பீட்டர் கெனன் 1969-இல் சொன்னதுதான்: தாளம் ஒத்துப் போகாவிட்டாலும் பொதுக் கருவூலம் ஒன்று இருந்து பணத்தை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நகர்த்தினால் ஒரே நாணயம் தாக்குப்பிடிக்கும். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் வெலிங்டன் ராணுவ முகாமுக்கும் வரும் சம்பளம் இலை விலையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ரேஷன் அரிசி வருகிறது. முதியோர் உதவித்தொகை வருகிறது. அந்தச் சம்பளக்காரர்கள் மாசம் பிறந்ததும் வாங்கும் மளிகையில்தான் குன்னூர்ப் பக்கத்துக் கடைகள் மோசமான வருஷத்திலும் திறந்திருக்கின்றன.

ஆட்களும் நகர்கிறார்கள். எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன பறிப்பு வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆனால் ஐம்பது வருஷம் நிற்கும் தேயிலைச் செடி கீழே இறங்கி மேட்டுப்பாளையம் பஸ் ஏறாது. செடியோடு கட்டப்பட்டவர் அம்மா. அவர்போல் இந்த மலையில் ஆயிரக்கணக்கானோர்.

எங்கள் வீட்டுக்குள் நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம். இலை இறங்கிய வருஷம் தம்பியின் டாக்ஸிப் பணம் உரக்கடைக்குப் போகும். டாக்ஸி நின்ற வருஷம் இலைப் பணம் வண்டித் தவணைக்குப் போனது. என் சம்பளம் இரண்டுக்கும் நடுவில். ஒரு சின்ன நாணய ஒன்றியம் என்றே சொல்லலாம், பொதுக் கருவூலம் அம்மாவின் பீரோ. டாக்ஸியும் சம்பளமும் இல்லாத பக்கத்து வீட்டுக்கு மிஞ்சுவது உங்கள் வங்கிகளின் கடன் விதிகள் மட்டும்தான். என் குறை அங்கேதான்.

பயிர்க்கடனைப் பாருங்கள். வட்டி 7 விழுக்காடு. கெடுவுக்குள் கட்டினால் 3 விழுக்காடு சலுகை, ஆக 4. கூட்டுறவுச் சங்கத்தில் ஒழுங்காகக் கட்டினால் வட்டியே கிடையாது. நல்ல திட்டம்தான். ஆனால் கெடுவைத் தவறவிடுவது எந்த வருஷம்? விலை விழுந்த வருஷம். அந்த வருஷம் பார்த்துச் சலுகை போய் வட்டி ஏறுகிறது. மும்பையில் நீங்கள் வட்டியை எங்கே வைத்திருந்தாலும் சரி, எங்கள் சுழற்சியின் அடிப்புள்ளியில் எங்களுக்கான வட்டி தானாக உயர்ந்துவிடும். இதிலிருந்து தப்ப ஊரில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: நகையைத் தனியார் அடகுக் கடையில் வைத்து, பயிர்க்கடனைக் கட்டி, அடுத்த வாரம் அதே கடனைப் புதிதாக எடுத்து, நகையை மீட்பது. கடனைப் புரட்டுவது என்பார்கள். ஏட்டில் பார்த்தால் நீலகிரி விவசாயி தவணை தவறாதவர். சமீப வருஷங்களில் இது ஓடுவதற்குக் காரணம்கூடத் தங்கம் ஏறிய ஏற்றம்தான். அதே வளையலுக்கு அதிகப் பணம் கிடைக்கிறது. தங்கம் இறங்கினால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகினால் அதற்கு உங்களிடம் விதி இருக்கிறது. இயற்கைப் பேரிடர் என்று அறிவித்து, விளைச்சலில் 33 விழுக்காடோ அதற்கு மேலோ போயிருந்தால் கடனை இரண்டு வருஷத்துக்கு, பாதிக்கு மேல் போயிருந்தால் ஐந்து வருஷம் வரைக்கும் மாற்றியமைக்கலாம். செடி பச்சையாக நின்று, விலை பாதியாகிப் போனால்? அதற்கு எந்த விதியும் இல்லை. வயலில் நடந்தால் பேரிடர், ஏலக்கூடத்தில் நடந்தால் விவசாயியின் தலையெழுத்து.

நான் கேட்பது ஒரு விதியை. குன்னூரில் வாரா வாரம் ஏலம் நடக்கிறது. அந்த விலையிலிருந்து, தொழிற்சாலைக்கும் விவசாயிக்குமான பங்கீட்டுக் கணக்குப் போட்டு மாவட்டத்தில் மாதா மாதம் இலை விலை அறிவிக்கப்படுகிறது. புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. அந்த மாத விலையின் ஐந்து வருஷ சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் விலை அந்தச் சராசரியில் முக்கால் பங்குக்கும் கீழே போனால் பயிர்க்கடன் கெடு தானாகத் தள்ளிப் போகட்டும். சலுகை வட்டி அப்படியே இருக்கட்டும், கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகாமல் இருக்கட்டும். விலை சராசரியைவிடக் கால் பங்கு மேலே போகிற மாதங்களில் கூடுதலாக ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மனு, பரிந்துரை, தள்ளுபடி அறிவிப்பு எதுவும் இதற்கு வேண்டாம்.

இதற்கு முன்னோடி உண்டு, தோற்றுப்போன முன்னோடி. 2003-இல் தேயிலை, காப்பி, ரப்பர், புகையிலைக்கு 500 கோடி ரூபாயில் ஒரு விலை நிலைப்பு நிதி தொடங்கினார்கள். விவசாயி தானாகப் போய்ச் சேர்ந்து பணம் கட்ட வேண்டும். சேர்ந்தவர்கள் குறைவு. 2013-இல் அது முடிந்தது. கையில் இருப்பதை முதலில் கொடு, பிறகு பார்க்கலாம் என்றால் அம்மா எப்படிச் சேர்வார்? ஏற்கெனவே இருக்கும் கடனின் கெடுவை நகர்த்துவதற்கு யாரும் எங்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. இந்த யோசனையை அம்மாவிடம் சொன்னேன். "நல்ல வருஷத்துல எடுத்துக்கிட்டா யாரு வேண்டாம்னு சொல்லப்போறா? இல்லாத வருஷத்துல கேக்காம இருந்தா சரி" என்றார்.

வட்டிச் சலுகைக்கான பணம் மத்திய அரசுடையது, உங்கள் குழுவின் வேலை பணவீக்கத்தை 4 விழுக்காட்டில் வைப்பது மட்டுமே என்று நீங்கள் சொல்லலாம். சட்டப்படி சரிதான். ஆனால் எந்தக் கடன் வாராக்கடன், எதை மாற்றியமைக்கலாம் என்ற சுற்றறிக்கைகள் உங்கள் கட்டடத்திலிருந்துதான் வருகின்றன. பக்கத்து அறையின் கதவைத் தட்டச் சொல்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு வங்கி முன்னின்று பொறுப்பேற்கும் முன்னோடி வங்கித் திட்டம் 1969-இலிருந்து இருக்கிறது. மாவட்டத்தில் எல்லா வங்கிகளும் கூடிப் பேச ஏற்பாடு இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்க இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் ஒரு சின்ன விஷயம். மாவட்ட வருமானக் கணக்கு வருஷத்துக்கு ஒன்று, அதுவும் ஆறிப்போன பிறகு வருகிறது. அதை வைத்து யாருடைய தாளம் யாரோடு சேர்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இந்த மலையில் வேறு எண்கள் இருக்கின்றன. ஏல விலை வாரா வாரம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் கேரட், உருளை மூட்டைகள் தினமும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் இருக்கிறது. எத்தனை வண்டி மலையேறியது என்று அரசுக்கு அன்றன்றைக்குத் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்தால் நீலகிரியின் நாடித்துடிப்பை மாதா மாதம் பார்க்கலாம். என் மாணவர்கள் இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். தரவு கிடைத்தால் போதும், சம்பளம் வேண்டாம்.

நீங்கள் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் மலை ரயிலில் வர வேண்டும். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏற்றம். சமவெளித் தண்டவாளம் போதாதென்று நடுவில் பல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் ஒன்றுதான், பின்னாலிருந்து தள்ளும். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். விசில் சத்தம் கேட்டு, தன் பெட்டியின் பிரேக்கைத் தானே போடுவார், தானே விடுவார். 1899-இலிருந்து அந்தப் பாதை ஓடுகிறது. நான் கேட்கும் விதி அந்தப் பிரேக்ஸ்மேனைப் போலத்தான். எஞ்சினை மாற்றச் சொல்லவில்லை.

அம்மாவின் பயிர்க்கடனை வரும் மார்ச்சில் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் உங்கள் பதில் வந்தால், இந்த முறை வளையல் கையிலேயே இருக்குமா என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயியின் மகள்,
கோத்தகிரி